ஜோங்ஜோ: தொடர்கள் காட்டிய அரசரும் கடிதங்கள் காட்டிய அரசரும்

"நான் சாதோ இளவரசரின் மகன்."

1776-இல் பட்டம் ஏற்ற அன்று அமைச்சர்களை எதிரில் வைத்துக்கொண்டு ஜோசோன் (அன்றைய கொரியா) அரசர் ஜோங்ஜோ சொன்ன வார்த்தை இது. கொரிய சரித்திரத் தொடர்களைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் மனப்பாடமாகவே இருக்கும். அவருடைய அப்பாவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துக் கொன்றதற்குத் துணைபோனவர்கள் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். வசனம் விழுந்ததும் கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும். ஒருவர் எச்சில் விழுங்குவார், ஒருவருக்குக் கை நடுங்கும், நமக்கு உடம்பு சிலிர்க்கும்.

அரசவைக் குறிப்புகளில் அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. அடுத்த வரிகளில் ஜோங்ஜோ சொல்கிறார்: முந்தைய அரசரான என் தாத்தா, வம்ச ஒழுங்கு கெடக்கூடாது என்று, சின்ன வயதிலேயே இறந்துபோன என் பெரியப்பா ஹ்யோஜாங் இளவரசருக்கு என்னை வாரிசாக ஆக்கினார்; அதை மீற மாட்டேன்; இதைச் சாக்காக வைத்து என் அப்பாவுக்கு அரசர் பட்டம் தர வேண்டும் என்று யாராவது கிளம்பினால் சட்டப்படி தண்டனை. அதே ஆண்டு ஆந்தோங் ஊரிலிருந்து சாதோவுக்கு நியாயம் கேட்டு மனு எழுதிய ஒரு தந்தையும் மகனும் கொல்லப்பட்டார்கள். அப்பாவுக்காக வாதாட வந்தவர்களையே மகன் தண்டித்தார்.

பெரும்பாலான தொடர்களுக்கு முதல் வாக்கியம் போதும். எனக்கு மிச்சமும் வேண்டும். முதல் வாக்கியத்தில் ஒரு மகன் பேசுகிறான். அடுத்த வரிகளில், இருபத்து நான்கு வயதில் எதிரிகளுக்கு நடுவே ஆட்சி நடத்த வேண்டிய ஒருவர் பேசுகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் மேல் எனக்கு இத்தனை ஈடுபாடு.

கொரியர்களுக்கு எழுத்து கொடுத்த சேஜோங் அரசர் கொரியப் பண நோட்டில் இருக்கிறார், தலைநகரின் நடுவில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் இருப்பது மரியாதை. ஜோங்ஜோ மேல் இருப்பது ஆற்றாமை கலந்த பாசம். அவர் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் கொரியாவின் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று அங்கே பலர் இன்றும் சொல்கிறார்கள். 1752-இல் பிறந்து, 1776 முதல் 1800 வரை ஆண்டு, ஐம்பதைத் தொடாமலே இறந்தவர். அதற்கடுத்த நூறு வருஷத்தில் அரசியின் பிறந்த வீட்டார் ஆட்சி, ஊழல், உழவர் கிளர்ச்சி, கடைசியில் ஜப்பானியரின் பிடி. அத்தனைக்கும் முன்னால் கடைசியாக எரிந்த விளக்கு இவர் என்ற எண்ணம் கொரியர்களின் மனதில் ஆழமாக இருக்கிறது.

2007-ஐப் பாருங்கள். ஒரே ஆண்டில் மூன்று தொடர்கள் இவரைப் பற்றி. கேபிஎஸ்ஸில் எட்டே எபிசோடில் முடிந்த 'ஹான்சோங் ப்யோல்கோக்', ஒரு கேபிள் சேனலில் அப்பாவின் கல்லறை இருந்த சுவோனுக்கு ஜோங்ஜோ போன எட்டு நாள் பயணத்தை வைத்து எடுத்த துப்பறியும் தொடர், எம்பிசியில் 'தே ஜாங் கும்' இயக்குநர் லீ ப்யோங்-ஹூன் எடுத்த 77 எபிசோட் 'யீ சான்'. அப்போது அதிபராக இருந்தவர் ரோ மூ-ஹியோன். பழைய அதிகார வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர், தலைநகரை மாற்றப் பார்த்தவர், எல்லாப் பக்கமும் முட்டி நின்றவர். அவரை ஜோங்ஜோவோடு ஒப்பிட்டுப் பேசுவது அந்நாளில் வழக்கம். அந்தத் தொடர்களில் "அரசர் நல்லவர்தான், சுற்றியிருப்பவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்" என்ற குரல் ஏன் அத்தனை அழுத்தமாக ஒலித்தது என்பது இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

இனி அந்த அரிசிப் பெட்டி. 1762 கோடையில் யோங்ஜோ அரசர் தன் மகன் சாதோவைப் பெட்டிக்குள் இறங்கச் சொல்லிப் பூட்டினார். எட்டு நாளில் உயிர் போனது. ஜோங்ஜோவுக்கு அப்போது பத்து வயது. 'யீ சான்' தொடர் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பையன் யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கும் அப்பாவுக்கு உணவு கொண்டுபோகிறான். அரண்மனைக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் துணைக்கு வருகிறார்கள். மூன்று பேரின் நட்பும் அந்த ராத்திரியில் பிறந்து கடைசி எபிசோட் வரை ஓடுகிறது. இது கற்பனை. நல்ல கற்பனைதான், குறை சொல்ல மாட்டேன்.

அரசவைக் குறிப்பில் இருப்பது மூன்றே வரி. பேரன் உள்ளே வந்தான். தலைப்பாகையையும் மேலங்கியையும் கழற்றிவிட்டு அப்பாவுக்குப் பின்னால் குப்புற விழுந்தான். அரசர் அவனைத் தூக்கி வெளியே அனுப்பி, இனி உள்ளே விடாதீர்கள் என்று காவலுக்கு ஆள் போட்டார். அவ்வளவுதான். பையன் தானாகவே மேலங்கியைக் கழற்றுகிறான், பாருங்கள். குற்றவாளி நிற்கும் கோலத்துக்குத் தன்னை ஆக்கிக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து விழுகிறான். அந்த வயதிலேயே அரண்மனைச் சடங்கின் மொழி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த வசனமும் இதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

சாதோ ஏன் கொல்லப்பட்டார்? 'யீ சான்' போன்ற தொடர்களில் விடை எளிது: அரசவையில் செல்வாக்கோடு இருந்த நோரோன் கட்சிக்காரர்களின் சதி. சாதோவின் மனைவியும் ஜோங்ஜோவின் அம்மாவுமான ஹேக்யோங் சீமாட்டி வயதான காலத்தில் கொரிய எழுத்திலேயே எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் வேறொன்றைச் சொல்கின்றன. கணவருக்கு மனநோய், உடை மாற்றுவதே அவருக்குப் பெரும் பயம், கோபம் வந்தால் ஏவலாட்களைக் கொன்றுவிடுவார். 2015-இல் வந்த 'தி த்ரோன்' படம் இந்தப் பக்கம் நின்று அப்பா மகன் உறவாக அதைப் பார்த்தது. யோங்ஜோவாக சோங் காங்-ஹோ பெட்டிக்கு வெளியில் உட்கார்ந்து பேசும் காட்சியில், எந்தக் கட்சிச் சதியும் இல்லாமலே அந்தச் சாவு எவ்வளவு கொடியது என்று தெரிந்துவிடும்.

இரண்டில் எது உண்மை என்று முடிவாகச் சொல்ல முடியாமல் போனதற்கு ஜோங்ஜோவே ஒரு காரணம். 1776 தொடக்கத்தில், தாத்தா சாகும் தறுவாயில் இருந்தபோது, அவர் ஒரு விண்ணப்பம் வைத்தார். அரசரின் செயலகம் நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேட்டில் அப்பாவைப் பற்றிய பகுதிகளை அழித்துவிட வேண்டும். தாத்தா சம்மதித்தார். சியோலுக்கு வடமேற்கே ஓடும் ஓடையில், பாறை மேல் வைத்து அந்தத் தாள்களின் மையைக் கழுவினார்கள். இதே மனிதர்தான் சிறு வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதியவர். அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்த 'இல்சோங்நோக்' என்ற அரச நாட்குறிப்பு இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவின் அருமை தெரிந்தவர் தெரிந்தே அழித்தார். அப்பாவின் மானத்துக்காக அழித்தாரா, தன் அரியணைக்காகவா? இரண்டுக்கும்தான் என்று எனக்குப் படுகிறது. எழுத்தாளர்கள் இன்று இஷ்டப்படி கற்பனை செய்ய இடம் கிடைத்ததும் அந்த ஓடையில் கரைந்த மையால்தான்.

வில்லன்களுக்கு வருவோம். எல்லாத் தொடரிலும் முதல் வில்லி ஜோங்சுன் அரசி. 'யீ சான்' பார்க்கும்போது அம்மாவும் கூட உட்காருவார். சப்டைட்டில் வேகமாக ஓடும், நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஜோங்சுனை யாரோ "பாட்டியம்மா" என்று கூப்பிட்டதும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். "இவளாடா அவனுக்குப் பாட்டி?" ஆமாம். 1759-இல் யோங்ஜோ இவரை மணந்தபோது மாப்பிள்ளைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பெண்ணுக்குப் பதினான்கு. பேரனைவிட ஏழே வயது மூத்த பாட்டி, மருமகளைவிடப் பத்து வயது இளைய மாமியார். பதினான்கு வயதில் கிழவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் எப்படி அந்த அரண்மனையில் நாள் கழித்தாள் என்று ஒரு தொடராவது நின்று கேட்கும் என எதிர்பார்த்தேன். விஷக் கிண்ணத்தையும் ரகசியக் கூட்டத்தையும்தான் அவர் கையில் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் வில்லன் நோரோன் கட்சியின் கடும்போக்குத் தலைவர் சிம் ஹ்வான்-ஜி. ஜோங்ஜோவை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற கதையில் இவர் பெயர் வராமல் இருக்காது. 'யீ சான்' 2008 ஜூனில் முடிந்தது. 2009 பிப்ரவரியில் ஜோங்ஜோ இவருக்குத் தன் கையாலேயே எழுதிய கடிதங்கள் வெளியே வந்தன. ஒன்றிரண்டு இல்லை, 299. எல்லாம் 1796-க்கும் 1800-க்கும் இடையில் எழுதியவை.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பரம எதிரி என்று நாம் பார்த்துவந்த மனிதரிடம் அரசர் தனியாகப் பேசுகிறார். நாளைக்கு இப்படி ஒரு மனு கொடு, நான் சபையில் கோபப்படுகிறேன், நீ இப்படி ஒதுங்கிக்கொள் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார். இளம் அதிகாரி ஒருவரைப் பால்மணம் மாறாத பயல் என்று திட்டுகிறார். செவ்வியல் சீனத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டே போகிறவர், எல்லாம் குளறுபடியாகக் கிடக்கிறது என்று சொல்ல வரும்போது சீனத்தில் சொல் கிடைக்காமலோ பொறுமை இல்லாமலோ அந்த ஒரு சொல்லை மட்டும் கொரிய எழுத்தில் எழுதுகிறார். படித்ததும் அழித்துவிடு என்றும் சொல்லியிருக்கிறார். சிம் ஹ்வான்-ஜி அழிக்கவில்லை. கடைசி ஆண்டின் கடிதங்களில் உடம்பு வலியும் உள்ளே எரியும் சூடும் வருகின்றன. மருந்து குடித்தும் அடங்கவில்லை என்கிறார்.

விஷக் கதைக்கு ஆதாரமாகக் காட்டும் ஒரு காட்சி அரசவைக் குறிப்பிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1800 கோடையில் அரசரின் உடம்பில் கட்டிகள். பாதரசம் கலந்த மருந்தின் புகையைக் காட்டும் வைத்தியம்கூடச் செய்து பார்த்தார்கள். கடைசி நாளன்று ஜோங்சுன் வந்து, மருந்தை நானே கொடுக்கிறேன், நீங்கள் கொஞ்சம் விலகுங்கள் என்கிறார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். எந்த எழுத்தாளரும் இதை விட்டுவைக்க மாட்டார். ஆனால் அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு எனக்குத் தெரிகிற மனிதர் வருஷக்கணக்காகத் தூங்காமல் உழைத்துக் கட்டியும் காய்ச்சலுமாகச் சரிந்தவர்.

இதனால் ஜோங்ஜோ சிறியவராகிவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவைக் கொன்றவர்களின் கட்சியோடு உட்கார்ந்து, ஆளை அறிந்து, பேரம் பேசி, நடித்து, இருபத்து நான்கு வருஷம் ஆட்சியை நகர்த்தியவர். ஒரு கண்ணீர்க் காட்சியைவிட இது எத்தனை கடினம்! அரியணை ஏறிய மறு ஆண்டே கொலைகாரர்கள் கூரை மேல் ஏறினார்கள். வழக்கம்போல நள்ளிரவு தாண்டியும் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஓட்டுச் சில்லும் மணலும் விழும் சத்தம் கேட்டது. அதை வைத்து 2014-இல் ஹியுன் பின் நடித்த படம் வந்தது. படத்தில் வாள் சண்டை அபாரம். நான் நினைத்துப் பார்ப்பது அதற்கடுத்த நாள் காலையை. அன்றும் அவர் சபைக்குப் போய் அதே ஆட்களின் நடுவில் வேலை செய்தாக வேண்டும்.

சீர்திருத்தங்களைத் தொடர்கள் காட்டும் விதத்தில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. அரசர் நல்லவர், அதனால் ஆணையிடுகிறார், மக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வேலை எப்படி நடந்தது என்பது வராது. 1791-இல் சியோலின் சலுகை பெற்ற வணிகர்கள் சிறு வியாபாரிகளின் சரக்கைப் பறிக்கும் உரிமையை, ஆறு பெரிய கடைகளைத் தவிர மற்றவர்களுக்கு, ரத்து செய்தார்கள். யோசனை சொன்னவர் அமைச்சர் சே ஜே-கோங். கீரையும் மீனும் விற்கிறவர்களின் வயிற்றுப்பாடு அது. வைப்பாட்டி வழிப் பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்டிருந்த படிப்பாளிகளை, பாக் ஜே-கா, யீ தோக்-மு போன்றவர்களை, 1779-இல் தன் நூலகமான க்யூஜாங்காக்கில் பணிக்கு எடுத்தார்.

ஹ்வாசோங் கோட்டை இன்னும் அருமையான கதை. அப்பாவின் கல்லறையை 1789-இல் சுவோனுக்கு மாற்றினார். அங்கே புது ஊர், அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மதில். 1794-இல் தொடங்கி 1796-இல் முடித்தார்கள். பத்து வருஷம் ஆகும் என்று போட்ட கணக்கு மூன்று வருஷத்துக்குள் அடங்கியது. அவருடைய அறிஞர்களில் ஒருவரான ஜோங் யாக்-யோங் வடிவமைத்த பாரந்தூக்கியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கட்டிப்போட்டது கட்டுமான அறிக்கைதான். வேலை செய்த கைவினைஞர்களின் பெயர், ஊர், எத்தனை நாள், அதில் அரை நாள் எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரே இல்லாதவர்களை ஊரில் கூப்பிட்டபடி 'பெரிய பயல்', 'சின்னப் பயல்' என்றே பதிந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கூலி எண்ணிக் கொடுக்கப்பட்டது. 1794 கோடை வெயிலில் மயங்கி விழாமல் இருக்க அரசர் மருந்து உருண்டைகள் அனுப்பினார். கொரியப் போரில் சிதைந்த கோட்டையை 1970-களில் இந்த அறிக்கையை வைத்துத்தான் திரும்பக் கட்டினார்கள். 1997-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தச் சின்னப் பயலின் கண் வழியாக ஒரு தொடர் எடுத்தால் என்ன?

அப்புறம், ஜோங்ஜோவுக்கு நாவல் என்றாலே ஆகாது. இதைத் தொடர்கள் லேசாகத் தொட்டுவிட்டு ஓடிவிடும். 1787-இல் இரவுப் பணியில் இருந்த இரண்டு இளம் அதிகாரிகள் சீனக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, புத்தகத்தை எரிக்கச் சொன்னார். 1792-இல் எழுத்து நடையையே திருத்துவது என்று கிளம்பினார். சீனப் பயணத்தைப் பேச்சும் கதையுமாகக் கலகலவென்று எழுதிய பாக் ஜி-வோன்தான் இந்தக் கேட்டுக்கெல்லாம் மூலம் என்றார். அரசின் உயர் கல்விச்சாலையான சுங்க்யுன்க்வானின் மாணவர் யீ ஓக் தன் நடையை மாற்றிக்கொள்ளாததால் தேர்வெழுதவே தடை, ராணுவச் சேவைக்கு விரட்டல். 2010-இல் வந்த 'சுங்க்யுன்க்வான் ஸ்கேண்டல்' தொடரில் அதே கல்விச்சாலை மாணவர்களை ஜோங்ஜோ புன்சிரிப்போடு தட்டிக்கொடுப்பார். எனக்குப் பிடித்த தொடர்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் யீ ஓக்கின் நினைவு வரும்.

இந்த இடத்தில் மற்றவர்களைவிட முன்னே போனது 2021-இல் வந்த 'தி ரெட் ஸ்லீவ்'. அரண்மனைப் பணிப்பெண் தோக்-இம்தான் அதன் மையம். அவள் கதைகளை விரும்பிப் படிப்பவள், மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுபவள். நிஜ சோங் தோக்-இம்மும் இளவரசியரோடு சேர்ந்து ஒரு நீண்ட நாவலை 1773-இல் படியெடுத்தவர். ஜோங்ஜோ அவரை விரும்பினார், அவர் மறுத்தார். பதினைந்து வருஷம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தார். அவர் இறந்த பிறகு அரசரே எழுதிய கல்லறை வாசகத்தில் இது இருக்கிறது. இரண்டாம் முறை மறுத்தபோது அவருடைய ஏவலாட்களைத் தண்டித்தேன், அதன் பிறகுதான் சம்மதித்தார் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உலகம் இதைக் காதல் கதை என்கிறது. காதல் இருந்திருக்கும். அந்த ஒரு வரியை நான் இன்னும் தாண்டிப் போகவில்லை. 'தி ரெட் ஸ்லீவ்' அந்தக் கனத்தை உணர்ந்து எடுத்த தொடர். சட்டப்படி நடப்பவர் என்று பெயரெடுத்த அரசரின் காலத்திலேயே தோக்-இம்மின் தோழி, ஒரு காவலனை விரும்பிய குற்றத்துக்காக உயிரிழக்கிறாள். நல்ல அரசரின் கீழும் ஒரு பணிப்பெண்ணின் உயிர் எவ்வளவு மலிவு என்று அங்கே தெரிகிறது. நிஜத்தில் 1786-இல் முதலில் அவர்களுடைய சின்ன மகன் தட்டம்மையில் போனான். சில மாதத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாக தோக்-இம்மும் போனார்.

ஜோங்ஜோ 1798-இல் தனக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்: பத்தாயிரம் ஓடைகளில் ஒளிரும் நிலவின் சொந்தக்காரர். நிலவு ஒன்று, ஓடைகள் பல. ஒளி எல்லாவற்றுக்கும் நிலவிலிருந்தே போகிறது. அரசர் அந்த நிலவு. இதை அவர் உண்மையாகவே நம்பினார். இருபத்து நான்கு வருஷமும் அப்படித்தான் ஆண்டார். அறிஞர்களின் நூலகம் அவருடையது, ஜாங்யோங்யோங் என்ற புதுப் படை அவருடையது, எதிர்க்கட்சியோடு பேச்சும் அவருடைய கடிதங்கள் வழியாக மட்டும். தன்னைத் தாண்டி நிற்கும்படி எதையும் அவரால் கட்ட முடியவில்லை. இறந்து இரண்டே வருஷத்தில் படை கலைக்கப்பட்டது. 1801-இல் கத்தோலிக்கர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஜோங் யாக்-யோங் பதினெட்டு வருஷம் நாடுகடத்தலில் கிடந்தார். இரவுப் பணியில் கதைப் புத்தகத்தோடு பிடிபட்ட இருவரில் ஒருவரான கிம் ஜோ-சுன், ஜோங்ஜோவே தேர்ந்த சம்பந்தி, அடுத்த அறுபது வருஷ மாமனார் வீட்டு ஆட்சிக்கு முதல் கல் வைத்தார்.

தொடர்களும் அந்த நிலவையே பார்க்கின்றன. கதாநாயகன் ஒருவன், அவன் மனசு தங்கம், அவன் போனால் எல்லாம் போச்சு. ஜோங்ஜோ தன்னைப் பற்றி நினைத்ததைத்தான் அவை திரும்பச் சொல்கின்றன. அதனால்தான் சீர்திருத்தம் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குத் தொடர்களிடம் விஷக் கிண்ணத்தைத் தவிர விடை இல்லை.

எனக்கு ஒரு தொடர் பார்க்க ஆசை. அது 1800-இல் அரசர் இறந்த மறுநாள் தொடங்க வேண்டும். பத்து வயதுப் பையன் சுன்ஜோ அரியணையில், திரைக்குப் பின்னால் ஜோங்சுன். அவர்தான் ஜோங் யாக்-யோங்கை விரட்டினார், கத்தோலிக்கர்களைக் கொன்றார். அதே 1801-இல், அதே ஜோங்சுனின் ஆட்சியில், அரண்மனைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சொந்தமான அடிமைகள் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப் பதிவேடுகளைத் அரண்மனையின் தோன்ஹ்வா வாசலுக்கு வெளியே எரித்து அவர்களை விடுவித்தார்கள். ஜோங்ஜோ நினைத்திருந்து முடிக்காமல் போன வேலை அது. ஓடிப்போன அடிமைகளைத் தேடிப் பிடிக்க அதிகாரிகளை அனுப்பும் வழக்கத்தை அவர் ஆட்சித் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். மீதியை முடித்தது, எல்லாத் தொடரிலும் வில்லியாக வரும் அந்தப் பெண். ஏன் முடித்தார், யார் அவருக்கு எடுத்துச் சொன்னது, கருவூலக் கணக்கா, செத்துப்போன பேரனின் விருப்பமா? யாராவது இதை எழுதுங்கள். 77 எபிசோட் இருந்தாலும் உட்கார்ந்து பார்ப்பேன், அம்மாவுக்குப் படித்தும் சொல்வேன்.